ரிக்‌ஷாக்காரர் பேச்சைத் திரையேற்றிய சந்திரபாபு

மாக் மண்டின், மார்ச் 8 – பட்டர்வொர்த் வட்டாரத் திருமண விருந்துகளில் இளைஞர்கள் கேட்பது யோகி பியின் 'மடை திறந்து'. பெரியவர்கள் கேட்பது ஜே.பி. சந்திரபாபு பாட்டு. இரண்டுக்கும் ஓர் உறவு உண்டு. பாமரர் பேசும் தமிழுக்கு மேடையில் மதிப்பில்லை என்ற எண்ணத்தை இரண்டுமே மாற்றின. இன்று சந்திரபாபுவின் நினைவு நாள்.

அவர் 1927-இல் தூத்துக்குடியில் பிறந்தார். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்ட தந்தை நாடுகடத்தப்பட்டதால், சிறுவயது கொழும்பில் கழிந்தது. பின்பு சென்னைக்கு வந்து 1947-இல் 'தன அமராவதி' படத்தில் அறிமுகமானார். ஆனால் வாய்ப்புகள் எளிதில் வரவில்லை. மனமுடைந்து 1952-இல் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார்.

மேல்நாட்டுப் பாணியில் குரலைச் சுழற்றிப் பாடும் 'யோடலிங்' அவருக்குக் கைவந்தது. அதோடு சென்னைத் தெருக்களின் பேச்சையும் கூர்ந்து கேட்டார். 'மெட்ராஸ் பாஷை' என்று படித்தவர்கள் முகம் சுளித்த பேச்சு அது. 1958-இல் 'சபாஷ் மீனா' படத்தின் இரட்டை வேடத்தில் ஒன்று, அந்தப் பேச்சு பேசும் ரிக்‌ஷாக்காரர்.

மறு ஆண்டு ஏவி.எம். நிறுவனத்தின் 'சகோதரி' எதிர்பார்த்தபடி அமையாததால், சந்திரபாபுவை அழைத்தார்கள். பால்காரராக நடித்து ஒரு நகைச்சுவைப் பகுதியைச் சேர்த்துக் கொடுத்தார். படம் வெற்றி பெற்றது. அதில் கண்ணதாசன் பேச்சு வழக்கிலேயே எழுத, அவர் பாடிய 'நான் ஒரு முட்டாளுங்க' கடல் தாண்டி நம் தோட்டப்புறங்களுக்கும் வந்து சேர்ந்தது.

புகழ் வந்தது, நிம்மதி வரவில்லை. எம்.ஜி.ஆரை வைத்துத் தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' பாதியில் நின்றது. 1966-இல் இயக்கிய 'தட்டுங்கள் திறக்கப்படும்' கைகொடுக்கவில்லை. கடனில் வீடும் போனது. 1974 மார்ச் 8-ஆம் தேதி, 46 வயதில் மறைந்தார்.

2006-இல் 'வல்லவன்' இசைத்தொகுப்பின் 'மடை திறந்து' பாட்டால், மலேசியத் தமிழ் ராப்பைத் தமிழ்நாடு திரும்பிப் பார்த்தது. லயத்திலும் தாமானிலும் பேசும் தமிழ் கொச்சை என்று நம்மில் சிலர் இன்னும் கூச்சப்படுகிறோம். நம் பிள்ளைகள் அந்தத் தமிழிலேயே பாட மேடை ஏறினால் இறக்கிவிட வேண்டாம். ரிக்‌ஷாக்காரர் பேச்சையும் ரசிக்கவைத்த அந்தக் கலைஞனுக்கு நாம் செய்யும் மரியாதை அதுதான்.