தவளைக் காலில் மின்சாரம் கண்ட மேதை

மழைக் காலத்தில் ஸ்ரீரங்கத்து வாய்க்கால் ஓரமாக நடந்தால் தவளைகளின் கச்சேரி காதைத் துளைக்கும். அந்தச் சிற்றுயிரின் காலில் மருத்துவ உலகுக்கே வழிகாட்டும் உண்மையைக் கண்டவர் லூயிஜி கால்வானி. ஆய்வுக்கூடத்தில் நாங்கள் கையாளும் கால்வனாமீட்டர் இவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

இவர் 1737ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் இத்தாலியின் பொலோனா நகரில் பிறந்தார். இளமையில் துறவறம் பூண விரும்பினார். பெற்றோர் இசையவில்லை. எனவே மருத்துவம் பயின்று, அந்நகரப் பல்கலைக்கழகத்திலேயே உடற்கூறு பேராசிரியரானார். கற்றறிந்த மனைவி லூசியா, சோதனைகளிலும் அவருக்குத் துணை நின்றார்.

ஒரு நாள் அருகிலிருந்த மின் இயந்திரத்தில் பொறி பறந்த வேளையில், அறுத்து வைத்த தவளையின் நரம்பைக் கத்தி தொட்டது. உயிரற்ற கால் துள்ளியது! பல ஆண்டுகள் ஆராய்ந்து, உயிர்களின் உடலிலேயே மின்சாரம் உண்டு என்று 1791இல் எழுதி வெளியிட்டார். அதைக் காண லூசியா இல்லை. அதற்கு முன்பே மறைந்துவிட்டார்.

மின்சாரம் பிறப்பது உலோகங்களில்தான் என்று வோல்டா என்னும் அறிஞர் மறுத்தார். கால்வானியோ உலோகமே இல்லாமல் தவளைக் காலைத் துடிக்கச் செய்து காட்டினார்.

நெப்போலியன் அமைத்த புதிய அரசு, பேராசிரியர்களிடம் விசுவாசப் பிரமாணம் கேட்டது. மனச்சாட்சி இடம் தராததால் கால்வானி மறுத்தார், பதவியை இழந்தார். 1798ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் காலமானார்.

அவர் கண்ட உண்மை சாகவில்லை. மின்சாரம் ஓடும் கம்பி காந்த ஊசியைத் திருப்பும் என்று 1820இல் ஓர்ஸ்டெட் கண்டார். அப்படியானால் உடலின் மின்சாரமும் காந்தப்புலத்தை உண்டாக்க வேண்டுமல்லவா? நம் சிறுகுடலின் தொடக்கத்தில் நிமிடத்திற்குச் சுமார் 12 மின் அலைகள் எழுகின்றன. முடிவில் சுமார் 8. குடலுக்கு இரத்தம் செல்வது தடைபட்டால் இந்த வேகம் குறைகிறது. தோலும் கொழுப்பும் மின் அடையாளத்தை மங்கச் செய்யும். காந்தப்புலமோ அவற்றை எளிதில் கடந்து வரும். அது புவியின் காந்தப்புலத்தில் பல லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் திரவ ஹீலியத்தில் குளிரூட்டிய ஸ்குவிட் என்னும் கருவி அதை அளக்கிறது. வயிற்றை அறுக்காமலே குடல்நோயை அறியும் வழியை அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தார் இவ்வாறு ஆராய்ந்துள்ளனர். நம் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்திலும் இதயம், மூளை ஆகியவற்றின் காந்தப்புலத்தை அளக்கும் ஸ்குவிட் கருவிகளை உருவாக்கியுள்ளனர்.

அன்புத் தோழியரே, அடுத்த முறை கால்வனாமீட்டரின் முள் அசையும்போது, பதவியைவிட மனச்சாட்சியைப் பெரிதாக மதித்த இம்மேதையை நாம் நினைவுகூர்வோம். உடன் உழைத்த லூசியாவையும் மறவாதிருப்போம்.