ஆசிரியர்களின் ஆசிரியர் ஹக்ஸ்லி

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், விலங்கியல்)

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். பள்ளியில் உயிரணுவின் படத்தைப் பலமுறை வரைந்து முழு மதிப்பெண் பெற்றேன், உயிரணுவைக் கண்டதில்லை. இக்கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் கண்ட அன்றுதான் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லியின் அருமை எனக்கு விளங்கியது.

1825-இல் இங்கிலாந்தின் ஈலிங் என்னும் ஊரில் பிறந்த அவர் பள்ளி சென்றது ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள். மருத்துவம் பயின்று, 1846-இல் 'ராட்டில்ஸ்னேக்' கப்பலில் உதவி மருத்துவராகக் கடல் கடந்தார். வழியில் பிடித்த ஜெல்லி மீன்களைத் தாமே அறுத்து ஆராய்ந்தார். அதன் பயனாக 26 வயதிலேயே ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

டார்வினுக்காக வாதிட்டவர் என்றே நாம் அவரை அறிவோம். ஆனால், 1871-இல் அவர் தொடங்கிய பணி அதற்குச் சற்றும் குறைந்ததன்று. பள்ளி ஆசிரியர்களை லண்டன் சவுத் கென்சிங்டனுக்கு வரவழைத்தார். விரிவுரையில் கேட்டதை அவர்களே அறுத்துப் பார்த்தும், நுண்ணோக்கியில் நோக்கியும் சோதித்தறியச் செய்தார். மாணவன் காண வேண்டுமாயின் ஆசிரியர் முதலில் கண்டிருக்க வேண்டுமன்றோ! மார்ட்டின் என்பவருடன் சேர்ந்து 1875-இல் அவர் வெளியிட்ட செய்முறை நூல் ஈஸ்டில் தொடங்கித் தவளையில் முடிந்தது.

1895-இல் ஹக்ஸ்லி மறைந்தார். நானும் ஆசிரியனாக விழைகிறேன். என் வகுப்பில் வெங்காயம் முதலில் வரும். கரும்பலகைப் படம் பிறகுதான்.