கிரேஸ் ஹாப்பர் அம்மையார்

கணிப்பொறிக்கு மொழி கற்பித்தோருள் கிரேஸ் ஹாப்பர் அம்மையார் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர். இவர் 1906-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் நியூயார்க்கு நகரில் பிறந்தார். ஏழாம் வயதில், கடிகாரம் இயங்கும் வகையை அறிய விழைந்து, வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களையும் பிரித்துவிட்டார் என்பர். 1934-இல் யேல் சர்வகலாசாலையில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். வாஸர் கலாசாலையில் ஆசிரியராய் விளங்கினார். 1943-இல் கடற்படைச் சேவையிற் புகுந்து, மறு ஆண்டு ஹார்வர்டில் மார்க் 1 என்னும் கணிப்பொறியை இயக்கும் பணியில் அமர்ந்தார்.

அந்நாளில் பொறிக்கு இடும் கட்டளைகளை மனிதரே எண்களாக எழுதிக் கொடுத்தனர்; பிழைகள் மலிந்தன. முன்னரே எழுதிவைத்த கட்டளைத் தொகுதிகளைப் பொறியே தேடியெடுத்துக் கோத்துக்கொள்ளுமாறு அம்மையார் 1952-இல் ஏ-0 என்னும் கம்பைலரை அமைத்தார். பொறியால் இது கூடுமென்பதைப் பலர் நம்பவில்லை. எனினும் 1959-இல் தோன்றிய கோபால் மொழிக்கு இவரது முயற்சியே பெரிதும் வழிகாட்டியது.

மொழி ஒன்றாயினும் கம்பைலர்கள் பலவாயின. ஒன்று ஏற்றதை மற்றொன்று மறுத்தது. ஓய்வு பெற்றிருந்த அம்மையாரைக் கடற்படை 1967-இல் மீண்டும் அழைத்தது. கம்பைலர்கள் யாவும் ஒரே விதிக்கு அடங்குகின்றனவா என்று ஆராயும் சோதனைகளை அவர் வகுத்தார். 1986-இல், 79-ஆம் வயதில், ரியர் அட்மிரல் பதவியினின்று ஓய்வு பெற்று, 1992 ஜனவரி 1-ஆம் நாள் காலமானார்.

அவர் கண்ட இடர் அவரோடு மறையவில்லை. கம்பைலர் பிழை கண்டால் வேலையை நிறுத்தும். ஐயம் கண்டால் எச்சரித்துவிட்டு மேற்செல்லும். இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் விசைத்தறி கண்டோர் இதனை எளிதில் உணர்வர்: ஊடை அறுந்தால் தறி நிற்கும், நைந்த நூலுக்கு நில்லாது. 2021 செப்டம்பரில் லினஸ் டார்வால்ட்ஸ், லினக்ஸ் கெர்னலின் 5.15-ஆம் பதிப்பு உருவாகுங்கால், எச்சரிக்கை ஒவ்வொன்றையும் பிழையாகவே கொள்ளுமாறு விதித்தார். நைந்த நூலுக்கும் தறி நிற்கலாயிற்று. ஒரு கம்பைலரில் குறையின்றி முடிந்த கெர்னல் வேறொன்றில் இடையே நின்றது. சில நாட்களுக்குள் அவ்விதி இயல்பாய்ச் செல்லும் எல்லை சோதனைத் தொகுப்புகளளவில் சுருக்கப்பட்டது.

கண்டிப்பு நன்றே. ஆயினும், அளவுகோல் ஆளுக்கொன்றாயின் கண்டிப்பு கேடாய் முடியும். அளவுகோலை முதலில் ஒன்றாக்க அம்மையார் முதுமையிலும் உழைத்தார். கிருஷ்ணன்கோவிலில் கணிப்பொறிக் கல்வி பயிலும் நம் மாணாக்கர், எச்சரிக்கை ஒன்றையும் புறக்கணியாது, அதன் காரணத்தைத் தேடித் தெளிவார்களாக. அதுவே நாம் அம்மையாருக்குச் செய்யும் மரியாதை.