ஒக்லாந்து கராஜில் தொழில் பழகிய புரூஸ் மக்லரன்

மக்லரன் என்றதும் பலருக்கு நினைவில் வருவது செம்மஞ்சள் நிறப் பந்தயக் கார். அது ஒரு மனிதரின் பெயர் என்பதும், அவர் 32 வயதிலேயே இறந்துவிட்டார் என்பதும், சிறுவயதில் நீண்டகாலம் நடக்க முடியாமல் படுக்கையில் கிடந்தவர் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வாகனம் திருத்தும் தொழிலில் இருப்பவன் என்பதால் எனக்கு அவருடைய கதையில் தனி ஈடுபாடு உண்டு. அவர் வென்ற கிண்ணங்களை விட அவர் வேலை பழகிய இடமே என்னை அதிகம் ஈர்த்தது.

புரூஸ் மக்லரன் 1937 ஆகஸ்ட் 30 அன்று நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில் பிறந்தார். அவருடைய தந்தை லெஸ், தாய் ரூத். ரெமுவேரா பகுதியில் அவர்களுக்கு ஒரு பெற்றோல் நிலையமும் அதனோடு சேர்ந்த கராஜும் இருந்தன. 9 வயதில் புரூஸுக்கு இடுப்பில் பேர்தஸ் நோய் கண்டது. தொடை எலும்பின் தலைப்பகுதிக்குப் போகும் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, எலும்பு சிதைந்துபோகும் நோய் அது. ஒக்லாந்திலேயே மாற்றுத்திறனாளிச் சிறுவர்களுக்கென இருந்த வில்சன் இல்லத்தில், அசையாதபடி சட்டகத்தில் கட்டப்பட்டு, ஏறத்தாழ 2 ஆண்டுகள் கிடந்தார். எழுந்து நடந்தபோது இடது கால் வலது காலை விடக் குட்டையாக இருந்தது. இறக்கும்வரை சற்றுத் தாங்கித் தாங்கியே நடந்தார்.

வீட்டுக்குத் திரும்பிய பிள்ளைக்கு ஓடி விளையாட முடியவில்லை. கராஜ்தான் அவனுடைய விளையாட்டிடமானது. அங்கே 1929ஆம் ஆண்டின் ஒஸ்ரின் 7 அல்ஸ்ரர் கார் ஒன்று வந்து சேர்ந்தது. இருவர் அமரக்கூடிய, இலேசான பந்தயக் கார் அது. எஞ்சின் வெறும் 747 கன சென்ரிமீற்றர். பிரேக்குகள் கம்பி வடத்தால் இழுபடுபவை. தந்தை அதைத் திருத்தி எடுத்தார். மகன் பக்கத்தில் நின்று பழகினான்.

இவ்வகைச் சின்ன எஞ்சினில் வேகம் கூட்டப் பெரிய இயந்திரங்கள் தேவையில்லை, பொறுமைதான் தேவை. ஹெட்டைக் கழற்றி உள்ளே படிந்த கரியைச் சுரண்ட வேண்டும். வால்வுகளுக்குப் பசை பூசி, அவை இருக்கும் இடத்தில் காற்றுப் புகாதபடி கையால் அரைத்துப் பொருத்த வேண்டும். வால்வு இடைவெளியை அளந்து சரிசெய்ய வேண்டும். பிளக்கில் தீப்பொறி விழும் நேரத்தை இம்மியளவு முன்னும் பின்னும் நகர்த்தி, சத்தத்தைக் கேட்டு நிறுத்த வேண்டும். நான்கு சக்கரங்களின் பிரேக்கும் ஒரே அளவில் பிடிக்காவிட்டால் கார் ஒரு பக்கம் இழுக்கும். எடை குறைந்த காரில் ஒவ்வொரு சிறு பிழையும் உடனே ஓட்டுபவரின் கைக்குத் தெரியும். படிக்க விரும்பும் ஒருவருக்கு அதைவிட நல்ல ஆசிரியர் இல்லை.

1990களில், பொருளாதாரத் தடையின்போது, யாழ்ப்பாணத்தில் நாங்கள் செய்ததும் இதே வேலைதான். பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களைச் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்டோம். கரி சீக்கிரம் படியும். பிளக் அடிக்கடி கறுக்கும். அந்தச் சிறுவன் வேகத்துக்காகச் செய்ததை, நாங்கள் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் செய்தோம்.

1952இல் முரிவாய் என்ற இடத்தில் நடந்த மலையேற்றப் பந்தயத்தில் அந்த ஒஸ்ரினோடு புரூஸ் முதன்முதலாகக் கலந்துகொண்டார். பின்னர் பொறியியல் படித்தார். 1958இல் இளம் ஓட்டுநர்களை ஐரோப்பாவுக்கு அனுப்பும் நியூசிலாந்துத் திட்டத்தில் முதலாமவராகத் தெரிவானார். அங்கே கூப்பர் அணியில் சேர்ந்தார். 1959 டிசம்பர் 12 அன்று அமெரிக்காவின் செப்ரிங்கில், கடைசிச் சுற்றில் அணித் தலைவர் ஜாக் பிரபாமின் காரில் எரிபொருள் தீர்ந்துபோக, பின்னால் வந்த புரூஸ் வென்றார். அப்போது அவருக்கு வயது 22.

1963இல் தன் பெயரிலேயே ஒரு சிறு நிறுவனம் தொடங்கினார். 1966இல் கிறிஸ் ஏமனோடு சேர்ந்து பிரான்சின் லு மான் 24 மணிநேரப் பந்தயத்தை வென்றார். 1968இல் பெல்ஜியத்தில் தன் பெயர் தாங்கிய காரிலேயே வெற்றி பெற்றார். 1969இல் வட அமெரிக்காவின் கான்-ஆம் தொடரில் நடந்த 11 பந்தயங்களையும் அவரது அணியே வென்றது.

ஆனால் நான் மற்றவர்களுக்குச் சொல்லும் கதை வேறு. ஒருமுறை புதிய கார் ஒன்றைச் சோதித்து ஓட்டியபோது, எரிபொருள் ஊற்றும் வாயின் மூடி படபடவென அடித்துக்கொண்டிருந்தது. மெக்கானிக்குகள் சரியாக மூடவில்லை என்று முதலில் அவருக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தார். வேகம் கூடக் கூட மேலிருந்து வரும் காற்று மூடியை அழுத்த வேண்டுமே, ஏன் அது மேலே எழும்புகிறது? அப்படியானால் உள்ளேதான் காற்றழுத்தம் அதிகம். காரை நிறுத்தி, தகரம் வெட்டும் கத்தரியை எடுத்து, ரேடியேற்றருக்குப் பின்னால் உடற்தகட்டை வெட்டித் திறந்தார். அடுத்த சுற்றுகளில் கார் முன்னையதை விட வேகமாக ஓடியது. ஆளைத் திட்டுவதை விட்டுக் காரணத்தைத் தேடியதுதான் அங்கே பலன் தந்தது.

1970 யூன் 2 அன்று, இங்கிலாந்தின் குட்வூட் திடலில் எம்8டி காரைச் சோதித்துக்கொண்டிருந்தபோது அதன் பின்பக்க உடற்தகடு பெயர்ந்தது. காரை நிலத்தோடு அழுத்திப் பிடித்திருந்த காற்றின் பலம் இல்லாமற்போக, கார் சுழன்று பாதையோரக் காவல் அரணில் மோதியது. புரூஸ் அவ்விடத்திலேயே இறந்தார். மனைவி பற்றியும் சிறுமியான மகள் அமண்டாவும் தனித்துப்போயினர். இரண்டு வாரங்கள்கூட ஆகாத நிலையில் அவரது அணி கனடாவில் பந்தயத்துக்கு இறங்கி, வென்றது.

முயன்றால் நீங்களும் இவரைப் போல ஆகலாம் என்று, செல்லடியில் கால் இழந்த எங்கள் பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு மனம் வராது. அவருக்குப் போரில்லாத நாடு இருந்தது, 2 ஆண்டுகள் பராமரித்த மருத்துவ இல்லம் இருந்தது, தந்தையின் கராஜும் இருந்தது. எங்கள் பிள்ளைகளில் பலருக்கு இவற்றில் ஒன்றுகூட இருக்கவில்லை. ஆனால் இந்த மூன்றில் கடைசியானதை எங்களால் கொடுக்க முடியும். கால் சரியில்லாத ஒரு பெடியனைக் காருக்குக் கீழே படுத்து வேலை பழக விட்டார்கள். உன்னால் ஏலாது என்று வாசலிலேயே மறிக்கவில்லை. ஹெட் கழற்றவும் வால்வு அரைக்கவும் தேவைப்படுவது கையும் காதும் பொறுமையும்தான். தொழில் கேட்டு வருபவரின் காலைப் பார்த்துத் திருப்பி அனுப்பும் கராஜ்கள் இங்கே இன்னும் இருக்கின்றன.

அந்தச் சின்ன ஒஸ்ரினை, இங்கிலாந்தின் வோக்கிங்கில் உள்ள மக்லரன் தலைமையகத்தில் இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.