மரண தண்டனைக்குத் தப்பிய டாக்டர்!

சுவிட்சர்லாந்து என்றதும் பனிமலை, கைக்கடிகாரம், சாக்லேட் இவை தான் உங்கள் ஞாபகத்துக்கு வரும். சண்டை சச்சரவே தெரியாத நாடு என்றும் படித்திருப்பீர்கள். ஆனால், குட்டீஸ்... ஒரு காலத்தில் அந்த நாட்டு மக்களே இரண்டு பிரிவாகப் பிரிந்து, துப்பாக்கியால் சுட்டுக் கொண்டனர். அதில் சிக்கி, உயிர் பிழைத்த ஒரு டாக்டரின் கதை இது.

அவர் பெயர், யாக்கோப் ராபர்ட் ஸ்டைகர். 1801ல், லூசர்ன் பகுதியில் பிறந்தவர். மருத்துவம் படித்து, ஊருக்குத் திரும்பி வைத்தியம் பார்த்தார்.

அப்போது சுவிட்சர்லாந்து, 22 குட்டி மாநிலங்களின் கூட்டணி. அவற்றை, 'கான்டன்' என்பர். ஒவ்வொரு கான்டனும் தனக்கென படை வைத்திருந்தது. நாணயம் கூட பல விதம்! லூசர்ன் கான்டனை, சில பிரபுக் குடும்பங்களே ஆண்டு வந்தன. அதை மாற்ற வேண்டும் என்று கிளம்பிய தாராளவாதிகளுடன் சேர்ந்தார் ஸ்டைகர். 1831ல் புதிய சட்டம் வந்தது. டாக்டர், அரசியல்வாதி ஆனார்.

பத்து ஆண்டுகளில் காற்று திசை மாறியது. மதப்பற்று மிக்க கிராமத்து விவசாயிகளுக்கு, தாராளவாதிகளின் போக்கு பிடிக்கவில்லை. 1841ல் ஓட்டுப் போட்டே அவர்களை வீட்டுக்கு அனுப்பினர். புதிய அரசு, 1844ல், இயேசு சபைப் பாதிரியார்களை லூசர்னுக்கு அழைத்து, குருமார் கல்வியை அவர்களிடம் ஒப்படைக்க முடிவு செய்தது. தாராளவாதிகள் கொதித்து எழுந்தனர்.

இங்கே தான் டாக்டர் பெரிய தவறு செய்தார். மக்கள் தேர்ந்தெடுத்த அரசை, ஆயுதத்தால் கவிழ்க்க முயன்ற கூட்டத்தில், முன்னணியில் நின்றவர்களில் அவரும் ஒருவர். 1845 மார்ச் 31ல், பக்கத்து கான்டன்களில் இருந்து, சுமார் 3,500 பேர் லூசர்ன் நோக்கிப் புறப்பட்டனர். பயிற்சி இல்லாத கூட்டம், இருட்டில் குழப்பம். மறுநாளே சிதறி ஓடியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உயிரைக் காப்பாற்ற வேண்டிய மருத்துவர், இத்தனை உயிர்கள் போகும் செயலில் இறங்கலாமா என்று கேட்கத் தோன்றுகிறது, இல்லையா?

ஸ்டைகர் பிடிபட்டார். கோபுரச் சிறையில் அடைத்தனர். நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, மரண தண்டனை!

ஜூன் மாதம், ஓர் இரவு. சிறைக் கதவு திறந்தது. திறந்தது யார் தெரியுமா? அவரைக் காவல் காத்த காவலர்கள் மூவர் தான்! அவர்களும் வேலையை உதறிவிட்டு, அவருடனேயே கிளம்பி விட்டனர். தாராளவாதிகள் ஆண்ட சூரிச் கான்டனுக்குள் அவர்கள் நுழைந்ததும், திருவிழா போல வரவேற்பு. லூசர்ன் அரசு, கையைப் பிசைந்து கொண்டு நின்றது.

ஆனால், பகை அடங்கவில்லை. அடுத்த மாதமே, எதிரணித் தலைவரான ஜோசப் லாய் என்ற விவசாயி, தன் வீட்டில் படுக்கையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இப்படிப் பழிக்குப் பழியாக வளர்ந்து, 1847 நவம்பரில் உள்நாட்டுப் போரே வந்து விட்டது. லூசர்ன் உட்பட ஏழு கத்தோலிக்க கான்டன்கள் ஒரு பக்கம். கூட்டணியின் படை மறுபக்கம். கூட்டணிப் படைத் தளபதி துயூஃபூர், காயம்பட்ட எதிரிகளையும் காப்பாற்றும்படி கட்டளையிட்டவர். பிற்காலத்தில், செஞ்சிலுவைச் சங்கத்தைத் துவக்கிய ஐவரில் ஒருவர். அதனால் தானோ என்னவோ, ஒரு மாதத்துக்குள் போர் முடிந்தது. இறந்தவர்கள் ஏறக்குறைய நூறு பேர் தான்.

லூசர்ன் தோற்றது. ஸ்டைகர் ஊர் திரும்பினார். 1848ல் நாடு முழுமைக்கும் ஒரே அரசியல் சட்டம் வந்தது. அதில் ஒரு விதி... அரசியல் குற்றத்துக்காக, இனி யாருக்கும் மரண தண்டனை விதிக்கக் கூடாது! மூன்று ஆண்டுகளுக்கு முன், அதே குற்றத்துக்காக மரணத்தை எதிர்நோக்கி இருந்த ஸ்டைகர், அந்தச் சட்டப்படி அமைந்த பார்லிமென்டின் தேசிய சபைக்குத் தலைவராக, 1848ம் ஆண்டிலேயே அமர்ந்தார்.

டாக்டருக்கு இன்னொரு ஆசையும் உண்டு. செடி, கொடிகள் என்றால் உயிர்! லூசர்ன் கான்டனிலும், ரிகி, பிலாத்துஸ் மலைகளிலும் வளரும் தாவரங்களைப் பற்றி புத்தகம் எழுதி, 1860ல் வெளியிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1862ல், லூசர்னிலேயே காலமானார்.