மேரி லாம்ப் அம்மையார்

ஆங்கிலம் கற்கப் புகுந்த நம் நாட்டு மாணவருட் பலர், 'ஷேக்ஸ்பியர் கதைகள்' என்னும் சிறு நூலின் வாயிலாகவே அப்பெருங்கவியின் நாடகங்களை முதன்முதல் அறிந்தனர். அந்நூலை ஆக்கியவர் யாவர் என வினவின், சார்லஸ் லாம்ப் எனத் தயங்காது விடை கூறுவர். ஆயின் அதன்கண் அமைந்த 20 கதைகளுள் 14 கதைகள் அவர்தம் தமக்கையார் மேரி லாம்ப் அம்மையாரால் எழுதப்பெற்றவை. இளையோர் உள்ளம் உவக்க நூல் செய்த இவ்வம்மையார், தம் வாழ்நாளிற் பாதிக்கும் மேற்பட்ட காலம் மனநோயோடு போராடியவர் என்பதைப் பலர் அறியார். அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுதலே நம் கருத்து.

மேரி 1764-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 3-ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் ஜான் லாம்ப், 'இன்னர் டெம்பிள்' என வழங்கும் வழக்கறிஞர் குடியிருப்பில் சாமுவேல் சால்ட் என்பாரிடம் எழுத்தராகவும் ஏவலராகவும் பணிபுரிந்து வந்தார். மேரி பள்ளியிற் பெற்ற கல்வி சிறிது. சால்ட் அவர்களுடைய நூல் நிலையத்திற் புகுந்து தாமே கற்றது பெரிது. 1775-ஆம் ஆண்டு தம்பி சார்லஸ் பிறந்தபொழுது மேரிக்குப் பத்து வயது. அச்சிறுமியே தம்பிக்கு இரண்டாந் தாயாக நின்று எழுத்தும் அறிவித்தார்.

1792-ல் சால்ட் இறந்தார். குடும்பம் இருந்த இல்லத்தையும் இழந்தது. தந்தைக்கு அறிவு தளர்ந்தது. தாய் நடக்கவியலாது படுக்கையுற்றார். சார்லஸ் கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் அலுவலகத்திற் கணக்கெழுதச் சென்றார். மேரியோ பகலெல்லாம் கூலிக்கு ஆடை தைத்தும், இரவெல்லாம் தாயாருக்குப் பணிவிடை செய்தும் உடலும் உள்ளமும் சோர்ந்தார். உறங்க இரவில்லை, உள்ளங் கலந்து பேசத் துணையில்லை. இந்நிலை ஆண்டுக்கணக்கில் நீடித்தது. இதற்கிடையே சார்லஸுக்கும் ஒருமுறை அறிவு கலங்க, அவர் ஹாக்ஸ்டன் என்னுமிடத்து மனநோய் விடுதியில் ஆறு வாரம் இருந்து குணமடைந்து மீண்டார்.

1796-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள், உணவு சமைத்துக்கொண்டிருந்த வேளையில், மேரியின் அறிவு முற்றும் கலங்கியது. அக்கலக்கத்தில் அவர் கையிலெடுத்த கத்தி தாயாரின் உயிரைக் கவர்ந்தது. ஓடிவந்து அக்கத்தியைப் பற்றி வாங்கியவர் இருபத்தோராண்டு இளைஞராகிய சார்லஸே. ஆய்ந்த நடுவர்கள், இச்செயல் நோயின் விளைவென்றே முடிவு கூறினர்.

இனி மேரியை என் செய்வது? மூத்த தமையனார் பெத்லெம் என்னும் பெரிய விடுதியில் வாழ்நாள் முழுவதும் அடைத்து விடலாம் என எண்ணினார். அவ்விடுதி, முன்னாளிற் பொதுமக்கள் காசு கொடுத்துப் பித்தரை வேடிக்கை பார்க்கச் சென்ற இடமாகும். சார்லஸ் அதற்கு உடன்பட்டிலர். தம் சிறு ஊதியத்திற் பெரும்பகுதியைச் செலவிட்டு, இஸ்லிங்டனில் ஒரு தனியார் விடுதியில் தமக்கையாரை வைத்துப் பேணினார். அறிவு தெளிந்த மேரிக்கு நிகழ்ந்தது முழுவதும் நினைவிற்கு வந்தது. எனினும், தம்மை மறந்த நிலையிற் செய்ததற்குத் தாம் பொறுப்பல்லர் என உணர்ந்து அவர் ஒருவாறு அமைதியுற்றார். 1799-ல் தந்தையார் இறந்தபின், வாழ்நாள் முழுவதும் தாமே காப்பதாக உறுதியளித்த சார்லஸ், அவரைத் தம் இல்லத்திற்கு அழைத்துக்கொண்டார். அது முதல் முப்பத்தைந்து ஆண்டு இருவரும் ஒரு கூரையின்கீழ் வாழ்ந்தனர். சார்லஸ் மணஞ்செய்து கொண்டிலர்.

நோய் அத்துடன் நீங்கிற்றில்லை. ஏறத்தாழ ஆண்டுதோறும் அது மீண்டு வந்தது. வருமுன் அதன் குறிகளை மேரியே உணர்வார். உடனே உடன்பிறந்தார் இருவரும் விடுதிக்குப் புறப்படுவர். அவ்வாறு ஒருநாள் இருவரும் வயல்வழியே கண்ணீர் சொரிந்த வண்ணம் கைகோத்து நடந்து சென்றதை நண்பர் ஒருவர் கண்டனர். வேண்டின் அணிவித்தற்கென, கைகளைப் பிணிக்கும் சட்டையையும் அவர்கள் உடன்கொண்டு செல்வதுண்டு. அயலார்க்குச் செய்தி தெரிந்ததும் பழித்துப் பேசலாயினர். அதனால் வீடு மாறிய நாட்களும் உண்டு.

எனினும் நோயுற்ற வாரங்கள் சில. தெளிந்த மாதங்கள் பல. அம்மாதங்களில் அவ்வில்லம் அறிஞர் கூடும் அவையாக விளங்கியது. கோல்ரிட்ஜும் வேர்ட்ஸ்வொர்த்தும் அவர்தம் நண்பர். பெண்டிரின் அறிவை எளிதில் மதியாத ஹாஸ்லிட் என்னும் கட்டுரையாசிரியரும், மேரியின் தெளிந்த அறிவை வியந்து போற்றினர். பித்தர் என அயலார் இகழ்ந்த ஒருவரை, நெருங்கிப் பழகினோர் அறிவிற் சிறந்தாராகக் கண்டமை ஈண்டு நினைவு கொள்ளத்தக்கது.

வில்லியம் காட்வின் என்பார் சிறுவர் நூல் வெளியீட்டகம் ஒன்றை நடத்தி வந்தார். அவர் பொருட்டு உடன்பிறந்தார் இருவரும் ஒரே மேசையில் எதிரெதிர் அமர்ந்து ஷேக்ஸ்பியர் கதைகளை எழுதினர். துன்பியல் நாடகங்கள் ஆறும் சார்லஸின் பங்கு. இன்பியல் முதலாய ஏனையவை மேரியின் பங்கு. 1807-ல் நூல் வெளிவந்தபொழுது முகப்பிற் சார்லஸின் பெயரே காணப்பட்டது. தந்தையரின் நூல் நிலையத்தை ஆண்மக்கள் இளமையிலேயே அணுகுவர், பெண்மக்களுக்கோ அவ்வாய்ப்பு அரிது எனக் கருதி, முதன்மையாக இளம்பெண்களை நோக்கியே அந்நூலின் முன்னுரை அமைந்தது. அவ்வாய்ப்பின் அருமையைச் சால்ட் அவர்களது இல்லத்தில் அறிந்தவர் மேரி.

1809-ஆம் ஆண்டினதாக வெளிவந்த 'லெஸ்டர் அம்மையார் பள்ளி' என்னும் நூலே நம் கருத்தை மிகவும் கவர்கின்றது. பள்ளிக்குப் புதிதாக வந்த சிறுமியர் பதின்மர் தத்தம் கதையைக் கூறுவதாக அமைந்த அந்நூலில் ஏழு கதைகள் மேரியினுடையவை. முதற்கதையிலேயே ஒரு சிறுமி, மறைந்த தன் அன்னையின் கல்லறையிற் பொறித்த எழுத்துக்களைத் தடவி எழுத்துக் கற்கின்றாள். இதனை எழுதிய கை யாருடையது என எண்ணுங்கால் நம் நெஞ்சம் நெகிழ்கின்றது.

மற்றொரு கதையில் மார்கரெட் என்னும் சிறுமி, பேசுவாரின்றிப் பழைய மாளிகை ஒன்றில் தனித்து உழல்கின்றாள். தாய் உடனிருந்தும், மகளொடு சொல்லாடுவது அரிது. பூட்டியிருந்த நூலறை ஒருநாள் திறந்திருக்கக் கண்டு உட்புகுந்த சிறுமி, அயல்நாட்டுச் சமயமொன்றைப் பற்றிய பழஞ்சுவடியை மறைவாகப் படிக்கின்றாள். ஏடுகள் பல கிழிந்த அந்நூல் கூறுவதெல்லாம் மெய்யென நம்பி, மறுமையில் தாய்க்கு யாது நேருமோ என அஞ்சி அஞ்சிக் காய்ச்சலுறுகின்றாள். வந்த மருத்துவர் நோயின் வேரை அறிந்தார். மருந்தொன்றையே நம்பாது, சிறுமியைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்றார். அவர் மனைவியார் அவளொடு அன்பாகப் பேசிச் சந்தைக்கும் அழைத்துப் போயினர். அவள் அச்சத்தையும் மெல்ல மெல்ல அகற்றினர். சிறுமி நலமுற்றாள். தனிமையில் வளர்ந்த அச்சம் நோயாகும் என்பதையும், உசாவிக் கேட்கும் அன்பே அதற்கு முதல் மருந்து என்பதையும் பட்டறிந்தவரன்றி வேறு யாவர் இத்துணைத் தெளிவாக எழுதவல்லார்?

1815-ல் தையற்றொழிலைப் பற்றி மேரி ஒரு கட்டுரை வரைந்தார். வசதியுடைய பெண்டிர் பொழுதுபோக்காகத் தைப்பது, அதனையே நம்பி வாழும் ஏழைப் பெண்டிரின் கூலியைக் குறைக்கும் என அதில் வாதித்தார். இளையோருக்குக் கற்பித்தலிலும் அவருக்கு விருப்பம் மிகுதி. அவரிடம் இலத்தீன் கற்ற மேரி நொவெல்லோ என்னும் சிறுமியே, பிற்காலத்தில் மேரி கவுடன் கிளார்க் என்னும் பெயரொடு ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்குச் சொல்லடைவு தொகுத்த அறிஞராவர்.

சார்லஸ் 33 ஆண்டு பணியாற்றி 1825-ல் ஓய்வு பெற்றபொழுதும், தமக்குப் பின் தமக்கையார் வாழ்வதற்கு வழி செய்தே ஓய்வூதியம் ஏற்றனர். 1834-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் அவர் காலமானார். தம்பியைத் தாமே வளர்த்த மேரி, அவருக்குப் பின்னும் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் வாழ்ந்து, 1847-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் மறைந்தார். எட்மண்டன் கோயில் வளாகத்தில் இருவரும் ஒரே கல்லறையில் துயில்கின்றனர். நண்பர்கள் காத்து வந்த துயரச் செய்தியை, டால்ஃபோர்டு என்பார் அம்மையார் மறைந்த மறு ஆண்டிலேயே நூலில் வெளியிட்டனர்.

அம்மையாரின் காலத்தில் இந்நோய்க்கு ஏற்ற மருந்தில்லை. மனவெழுச்சி நோய்க்கு லித்தியம் உப்புப் பயன்படுமென ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் வெளியிட்டதே 1949-ல் தான். இன்று மருத்துவம் வளர்ந்துளது. நாணமும் பழிச்சொல்லும் மட்டும் இன்னும் தேய்ந்தில. உடற்காய்ச்சலை ஒளியாது உரைக்கும் நாம், உள்ளத்தின் காய்ச்சலை ஏன் ஒளித்தல் வேண்டும்? நோயின் குறி கண்டவுடன் தயங்காது துணை நாடினார் மேரி. அத்துணையாக நின்றார் சார்லஸ். நம்முடன் பயிலும் தோழர் ஒருவர் பேச்சொடுங்கித் தனித்திருப்பின், அவரை அணுகி உசாவுதல் நம் கடன். நம் உள்ளமே தளரின், மறையாது உரைத்து மருத்துவரை நாடுதலும் நம் கடனே. நோய் வேறு, நோயுற்றார் வேறு என்னும் உண்மையை அப்பதினான்கு கதைகளும் இன்றும் நமக்கு உணர்த்தி நிற்கின்றன.