லூயிசா ஆல்காட் அம்மையார்

அமெரிக்க நாட்டின் ஜெர்மன்டவுன் என்னும் ஊரில், 1832-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29-ஆம் நாள், லூயிசா மே ஆல்காட் பிறந்தார். பெண்மக்கள் நால்வருள் இவர் இரண்டாமவர். தந்தையார் பிரான்சன் ஆல்காட் சிறந்த கொள்கையாளர். பொருளீட்டும் வழி மட்டும் அறியாதவர். பாஸ்டன் நகரில் தாம் நடத்திய பள்ளியில் 1839-இல் கறுப்பினச் சிறுமி ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டார். ஏனைய பெற்றோர் தம் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டனர். சிறுமியை நீக்க அவர் உடன்படாமையின் பள்ளி மூடப்பட்டது. 1843-இல் நண்பர் சிலருடன் ஒரு பண்ணையிற் குடியேறி, ஊனும் பாலும் நீக்கி, அடிமைகள் உழைப்பால் விளைந்த பருத்தியையும் உடுத்தாது வாழ முயன்றார். பனிக்காலம் வந்தது, ஏழு திங்களில் அம்முயற்சி முறிந்தது. கொள்கை பெரிதே, ஆயினும் அதன் சுமை மனைவி மக்கள் தலையிலன்றோ விழுந்தது!

பின்னர் இக்குடும்பம் நெடுங்காலம் வாழ்ந்த ஊர் கான்கார்டு. அங்கே அறிஞர் எமர்சன் தம் நூலகத்தை லூயிசாவுக்குத் திறந்துவிட்டார். வீட்டிலோ கடன் வளர்ந்தது. குடும்பத்தைத் தாமே தாங்குவதென உறுதிபூண்ட லூயிசா, தையல் தைத்தார். பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். பிறர் இல்லத்தில் பணிப்பெண்ணாகவும் இருந்தார். இரவில் எழுதினார். 1854-இல் வெளிவந்த முதல் நூல் 32 டாலர் ஈட்டித் தந்தது. இதழாசிரியர் ஒருவர், எழுத்து அவருக்கு வாராது என்றும் ஆசிரியத் தொழிலே தக்கது என்றும் கூறி, பள்ளி தொடங்க 40 டாலர் கடனாக அளித்தார். லூயிசா எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை.

அடிமைமுறை பற்றி எழுந்த உள்நாட்டுப் போரில், 1862-ஆம் ஆண்டின் இறுதியில், வாஷிங்டனை அடுத்த மருத்துவமனை ஒன்றில் செவிலியாகச் சேர்ந்தார். ஆறு கிழமைக்குள் நச்சுக்காய்ச்சல் பற்றியது. மருத்துவர் அளித்த பாதரச மருந்து உயிரோடு விட்டதேயன்றி, பழைய உடல்நலம் மீளவில்லை. ஆங்குக் கண்டவற்றை எழுதிய நூலே இவருக்கு முதற்புகழ் தந்தது. பரபரப்பான கதைகள் பலவற்றைப் புனைபெயரில் எழுதியும் பொருளீட்டினார். அவற்றை எழுதியவர் இவரே என்பது 1943-இல்தான் உலகறிய வெளிப்பட்டது.

1868-இல், சிறுமியர்க்கு ஒரு கதை வேண்டுமெனப் பதிப்பாளர் கேட்டார். லூயிசாவுக்கு அதில் விருப்பமில்லை. ஆயினும் தம்மையும் உடன்பிறந்தாரையுமே கதைமாந்தராக்கி எழுதத் தொடங்கினார். இளமையில் இறந்த தங்கை எலிசபெத்தும் அக்கதையில் மீண்டும் உயிர்பெற்றாள். முதற்பன்னிரண்டு இயல்களைக் கண்ட பதிப்பாளருக்குச் சுவை தோன்றவில்லை. எழுதியவரும் அவ்வாறே கருதினார். பதிப்பாளரின் மருமகளாகிய சிறுமியோ படித்து மகிழ்ந்தாள். சிறுவர் நூலுக்குச் சிறுவரே தக்க நடுவர் போலும்! ‘லிட்டில் விமன்’ என்னும் அந்நூல் வெளிவந்ததும் விரைந்து விற்றது. பதிப்பாளரின் நல்லுரைப்படி உரிமையை விற்றுவிடாது வைத்துக்கொண்டமையால் வருவாய் நிலைத்தது. தந்தையின் கடன்கள் தீர்ந்தன; இதழாசிரியர் தந்த 40 டாலரும் திரும்பிச் சென்றது.

லூயிசா மணம் புரியவில்லை. 1879-இல் கடைசித் தங்கை பாரிசில் இறக்க, அவர் விட்டுச்சென்ற பெண் மகவைத் தாமே வளர்த்தார். அவ்வாண்டில் பள்ளிக்குழுத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை அம்மாநிலப் பெண்டிர்க்குக் கிடைத்தபோது, கான்கார்டில் முதற்கண் பெயர் பதிந்துகொண்ட பெண்மணியும் இவரே.

1888-ஆம் ஆண்டு மார்ச்சு 4-ஆம் நாள் தந்தையார் மறைந்தார். நோயுற்றுக் கிடந்த லூயிசா, தம் தோள்மேல் சுமந்த அத்தந்தையின் மறைவை அறியாமலே, 6-ஆம் நாள் உயிர்நீத்தார். இருவரும் கான்கார்டு இடுகாட்டில் அடக்கம் செய்யப்பெற்றனர்.